ஈஜிபுராவில் தங்க இடம் தேடுவோர்க்கு ஒரு கணக்குப் பாடம்

வேலை கிடைத்துப் பெங்களூருவுக்கு வரும் தமிழ் இளைஞர்கள் தங்குவதற்கு நாடும் பகுதிகளுள் ஈஜிபுராவும் ஒன்று. கோரமங்கலாவின் அலுவலகங்களும் செயின்ட் ஜான்ஸ் மருத்துவமனையும் அருகில் உள்ளன. தமிழ் பேசுவோர் பலர் வாழும் பகுதி என்பதால் மொழித் தடையும் குறைவு. எனினும், ‘வாடகைக்கு’ எனத் தொங்கும் பலகையில் கண்ட தொகையை மட்டும் நம்பி முடிவெடுப்போரின் சேமிப்பு முதல் ஆண்டிலேயே கரைந்துவிடக்கூடும். அதைத் தவிர்க்கும் வழிகளை இங்கே காண்போம்.

முதற்படி: உண்மையான மாதச் செலவு

பெங்களூருவில் பத்து மாத வாடகையை முன்பணமாகப் பெறும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. இன்றும் பல மாத வாடகையைக் கேட்போர் உண்டு. வீட்டைக் காலி செய்யும்போது வண்ணம் பூசும் செலவுக்கென ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வதும் இங்குள்ள நடைமுறை.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். மாத வாடகை ரூ.14,000, பராமரிப்பு ரூ.1,000, முன்பணம் ரூ.1,00,000, தங்கும் காலம் 11 மாதம். வாடகை ரூ.1,54,000, பராமரிப்பு ரூ.11,000, வண்ணச் செலவு ரூ.14,000. முன்பணத்தை ஆண்டுக்கு 6 விழுக்காடு வட்டியில் வைத்திருந்தால் கிடைத்திருக்கும் ரூ.5,500-ஐயும் சேர்த்தால் மொத்தம் ரூ.1,84,500. அதாவது, மாதம் ஏறத்தாழ ரூ.16,770. மின்கட்டணமும் உணவும் இதில் அடங்கா.

மாறாக, உணவுடன் கூடிய பி.ஜி. விடுதியில் மாதம் ரூ.9,000 செலுத்தி, வெளியேறும்போது ரூ.2,000 பிடித்தம் போனால் மாதச் செலவு ஏறத்தாழ ரூ.9,180. இருவர் இணைந்து வீடெடுத்தால் ஒருவருக்கு ரூ.8,385 ஆகும், ஆனால் சமையல், பாத்திரம், எரிவாயு ஆகியவற்றின் செலவு தனி. எந்த இடத்தையும் இவ்வாறு ஒரே அளவுகோலில் நிறுத்தியே ஒப்பிட வேண்டும்.

ஒருவருக்கு மாதம் ரூ.20,000-க்கு மிகாத கட்டணத்தில், தொடர்ந்து 90 நாட்களுக்குக் குறையாமல் அளிக்கப்படும் தங்குமிடச் சேவைக்கு 2024 ஜூலை முதல் ஜி.எஸ்.டி. விலக்கு உண்டு. விடுதி ரசீதில் அவ்வரி சேர்க்கப்பட்டிருந்தால் காரணம் கேட்டறிக.

இரண்டாம் படி: நேரில் ஆராய்தல்

2024 கோடையில் நகரின் ஆழ்துளைக் கிணறுகள் பல வறண்டதை மறத்தலாகாது. காவிரிக் குழாய் இணைப்பு உண்டா, தண்ணீர் லாரிக்குக் கட்டணம் யார் செலுத்துவது எனக் கேளுங்கள். ஈஜிபுராவுக்குள் மெட்ரோ நிலையம் இல்லை. 2017-இல் தொடங்கிய மேம்பாலப் பணியும் பல ஆண்டுகள் நீண்டது. ஆதலால் அலுவலக நேரத்தில் ஒருமுறை பயணம் செய்து பார்ப்பது நலம். பெண்களுக்கான ‘சக்தி’ இலவசப் பேருந்துத் திட்டம் கர்நாடகத்தில் வசிப்போருக்கே உரியது. தமிழக முகவரி கொண்ட அடையாள அட்டை வைத்திருப்போர் பயணச்சீட்டுச் செலவையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

மூன்றாம் படி: முன்பணத்தைக் காத்தல்

மத்திய அரசின் 2021 மாதிரி வாடகைச் சட்டம், குடியிருப்புக்கான முன்பணம் இரு மாத வாடகையை மிகலாகாது என்கிறது. உரிய மாநிலச் சட்டமின்றி அது தானாகப் பொருந்தாது; எனினும் பேரம் பேசுகையில் எடுத்துக்காட்டத் தக்கது. பிடித்தங்கள் எவை, முன்பணம் எத்தனை நாளில் திரும்பும், முன்னறிவிப்புக் காலம் எவ்வளவு என்பனவற்றை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். குடிபுகும் நாளில் சுவர்களையும் குழாய்களையும் படமெடுத்து வையுங்கள்.

முன்பணத்தை வீட்டு உரிமையாளரின் வங்கிக் கணக்குக்கே அனுப்புங்கள். அப்பதிவே பின்னாளில் சான்றாகும். இடத்தைக் காணாமல் ‘டோக்கன்’ தொகை அனுப்பாதீர்கள். பணம் பெறுவதற்கு யு.பி.ஐ. ரகசிய எண் ஒருபோதும் தேவைப்படாது. அதைக் கேட்பவர் மோசடிக்காரரே. ஏமாற நேர்ந்தால் உடனே 1930 என்ற எண்ணை அழைத்து, வங்கிக்கும் தெரிவியுங்கள். தொகை கைமாறிச் செல்லுமுன் அதை முடக்க, விரைந்து அளிக்கும் தகவலே உதவும்.