வாங்கிய குதிரையும் வளர்த்த குதிரையும்

குலசேகரன்பட்டினம் என்றவுடன் தசராத் திருவிழாவே நம் நினைவுக்கு வரும். 2024ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் ராக்கெட் ஏவுதளத்திற்கு இங்கே அடிக்கல் நாட்டப்பட்ட பிறகு, விண்வெளியோடு சேர்த்தும் இவ்வூரின் பெயர் பேசப்படுகிறது. ஆனால் ஊரின் பெயரிலேயே இருக்கும் குலசேகரன் யார் என்று நம்மில் பலர் கேட்பதில்லை. 1268இல் அரியணை ஏறி ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆண்ட மாறவர்மன் குலசேகர பாண்டியனின் பெயரே இது என்பர். அவன் காலத்தில் இக்கடற்கரையிலிருந்து முத்து வெளிநாடு சென்றது. வெளிநாட்டிலிருந்து இக்கரைக்கு வந்த பொருள்களுள் பெரும்பணத்தை விழுங்கியது எது தெரியுமா, தோழியரே? குதிரை!

நம் ஊருக்கு வடக்கே சுமார் 30 கிலோமீட்டர் தொலைவில், தாமிரபரணி கடலோடு கலக்கும் இடத்தருகே பழையகாயல் இருக்கிறது. இன்று அமைதியான சிற்றூர். வெனிஸ் நகரத்து யாத்திரிகரான மார்க்கோ போலோ குறிப்பிடும் காயல் துறைமுகம் இதுவே என்று, இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் எடுத்துக்காட்டினார். ஹோர்முஸ், கிஷ், ஏடன் முதலிய இடங்களிலிருந்து குதிரைகளை ஏற்றிவரும் கப்பல்கள் எல்லாம் காயலில் தங்கிச் செல்லும் என்கிறார் மார்க்கோ போலோ. அவர் இப்பக்கம் வந்தது ஏறத்தாழ 1292ஆம் ஆண்டில். கடல்வழியே குதிரை வருவது அப்போது புதிதும் அன்று. சங்க காலத்துப் பட்டினப்பாலையே அதைக் கூறுகிறது. சோழர் காலக் கல்வெட்டுகளில் மலைநாட்டுக் 'குதிரைச் செட்டிகள்' வருகிறார்கள். மாணிக்கவாசகர் பாண்டிய அமைச்சராக இருந்தபோது, அரசன் கொடுத்த பொருளோடு சென்றதும் குதிரை வாங்குவதற்காகத்தானே! நரிகள் பரிகளாகி மதுரைக்கு வந்து, இரவில் மீண்டும் நரிகளாகி லாயத்துக் குதிரைகளைக் கடித்த அந்தக் கதையை நாம் சிறு வயது முதல் கேட்டிருக்கிறோம். குதிரை வாங்கி ஏமாறுவோமோ என்ற அச்சம் அக்காலத்து மக்கள் மனத்தில் எவ்வளவு ஆழமாக இருந்தது என்பதற்கும் அக்கதை ஒரு சான்று எனலாம்.

மார்க்கோ போலோ சொல்லும் கணக்கு நம்மைத் திடுக்கிட வைக்கிறது. பாண்டிய நாட்டை ஆண்ட சகோதரர் ஐவரும் ஆளுக்கு ஈராயிரத்திற்கும் மேற்பட்ட குதிரைகளை ஆண்டுதோறும் வாங்கினார்களாம். ஆண்டு முடிவில் ஒருவரிடமும் நூறு குதிரைகூட மிஞ்சாதாம்! பாரசீக வரலாற்றாசிரியரான வஸ்ஸாஃப் தனியே ஒரு கணக்குத் தருகிறார். கிஷ் தீவின் வணிகத் தலைவர் ஜமாலுத்தீன் தம் சொந்தக் குதிரைகளில் 1,400 அனுப்புவார்; பிற துறைகளிலிருந்து வருவனவற்றையும் சேர்த்தால் முன்னொரு காலத்தில் ஆண்டுக்குப் பதினாயிரம் குதிரைகள் வந்தன; ஒரு குதிரைக்கு 220 செம்பொன் தீனார் விலை என்கிறார். கணக்குப் பாடத்தில் ஆர்வமுள்ளவர்கள் பெருக்கிப் பார்க்கலாம். இருபத்திரண்டு லட்சம் தீனார்! வழியில் குதிரை இறந்தாலும் விலையை அரசுக் கருவூலமே தர வேண்டும் என்பது ஒப்பந்தம். (விஜயநகரத்துச் சாளுவ நரசிம்மனும், கடலில் இறந்த குதிரையின் வாலைக் கொண்டுவந்து காட்டினால் பணம் கொடுத்தானாம். போர்ச்சுக்கீசியரான நூனிஸ் எழுதியிருக்கிறார். வாலுக்கு விலை கொடுத்த அரசன்!) யாத்திரிகர்களின் எண்களில் மிகை இருக்கலாம். ஆயினும் ஒருவரையொருவர் அறியாத இருவர் ஏறத்தாழ ஒரே எண்ணைச் சொல்வதைத் தள்ளிவிட முடியாது.

இத்தனை குதிரைகளும் ஏன் இறந்தன? போலோ சொல்லும் காரணம், இந்நாட்டில் குதிரை மருத்துவர் இல்லை என்பது. குதிரை விற்ற வணிகர்கள் அத்தகையோரை உடன் அழைத்து வருவதுமில்லை, வர விடுவதுமில்லை. குதிரைகள் இறந்தால்தானே அடுத்த ஆண்டும் விற்கலாம் என்று அவர் குற்றஞ்சாட்டுகிறார். இதில் வணிகரை மட்டும் நோவதில் பயனில்லை என்றே நமக்குத் தோன்றுகிறது. நம் நாட்டில் குதிரை நூலுக்குப் பஞ்சமில்லை. நகுலன் இயற்றியதாகக் கூறப்படும் அசுவ சாஸ்திரம் என்ற வடமொழி நூலைத் தஞ்சை சரசுவதி மகால் நூலகமே பதிப்பித்திருக்கிறது. நூல் ஏட்டில் இருந்தது. லாயத்தில் நடந்தது வேறு.

லாயத்தில் நடந்ததை வஸ்ஸாஃப் எழுதிவைத்திருக்கிறார். வந்திறங்கிய குதிரைகளுக்கு வறுத்த தானியத்தையும் வெண்ணெய் சேர்த்த தீனியையும் கொடுத்து, காய்ச்சிய பசும்பாலைக் குடிக்க வைத்தார்கள். கொழுக்கட்டும் என்று நாற்பது நாள் முளையடித்துக் கயிற்றால் கட்டிப்போட்டார்கள். பிறகு பயிற்சியும் இல்லாமல், கால் வைக்க அங்கவடியும் இல்லாமல், வீரர்கள் ஏறி ஓட்டினார்கள். வேகமான குதிரைகளும் சில நாளில் சோர்ந்து பயனற்றுப் போயின. போலோவோ, சோற்றோடு இறைச்சியும் கலந்து கொடுத்தார்கள் என்கிறார். அன்புக் குறைவால் செய்ததன்று இது. விருந்தாளிக்கு நாம் செய்வதைத்தான் குதிரைக்கும் செய்திருக்கிறார்கள்!

ஆனால் குதிரையின் வயிறு நம் வயிறு அன்று. மாட்டின் வயிறும் அன்று. இவ்வளவு பெரிய உடலுக்கு அதன் இரைப்பை மிகச் சிறியது. பத்துப் பன்னிரண்டு லிட்டர்தான் கொள்ளும். ஆகவே சிறிது சிறிதாக, நாளில் பதினாறு மணி நேரம் வரைகூட மேய்ந்துகொண்டிருப்பதே அதன் இயல்பு. மாடு அசை போடும்; குதிரை அசை போடாது. வாந்தி எடுக்கவும் அதனால் முடியாது. புல்லைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் அதன் பெருங்குடல் பகுதியில் வாழ்கின்றன. சோறும் தானியமும் அளவு மீறிப் போனால் அங்கே புளிப்பு மிகுந்து, கடும் வயிற்றுவலி உண்டாகும். அதோடு நிற்பதில்லை. அந்த நஞ்சு இரத்தத்தில் கலந்து குளம்பின் உட்பகுதியைப் புண்ணாக்கும். வயிற்றில் செய்த தவறு காலில் தெரியும் என்பது குதிரை வளர்ப்போர் அறிந்த உண்மை. நாற்பது நாள் நடக்காமல் கட்டிக்கிடந்து, தானியமும் வெண்ணெயும் தின்ற குதிரைக்கு இந்நோய் வராதிருந்தால்தான் வியப்பு.

நல்ல ஆண்குதிரையையும் நல்ல பெண்குதிரையையும் சேர்த்தாலும் இந்நாட்டில் கோணல் காலுடைய சிறு குட்டிதான் பிறக்கும் என்றும் போலோ எழுதுகிறார். இதை அந்த மண்ணின் குறை என்று அவர் நினைத்தார். இன்றைய அறிவியலைக் கொண்டு பார்த்தால் வேறொன்று தோன்றுகிறது. அரிசித் தவிட்டில் பாஸ்பரஸ் மிகுதி, சுண்ணாம்புச் சத்து குறைவு. தவிட்டையும் தானியத்தையும் நம்பி வளரும் குதிரை தன் எலும்பிலுள்ள சுண்ணாம்பையே கரைத்துக்கொள்ளும். குட்டியின் எலும்பு வலுவிழக்கும். கோணல் காலுக்கு மண்ணைவிடத் தீனித் தொட்டியே காரணமாக இருந்திருக்கலாம்.

நோயும் உண்டு. 'சுர்ரா' என்னும் நோய்க்குக் காரணமான நுண்ணுயிரை 1880இல் கிரிஃபித் எவான்ஸ் என்ற கால்நடை மருத்துவர், பஞ்சாபை அடுத்த தேரா இஸ்மாயில் கானில், நோயுற்ற குதிரை ஒட்டகங்களின் இரத்தத்தில் கண்டுபிடித்தார். கடிக்கும் பெரிய ஈக்கள் அதைப் பரப்புகின்றன. மருந்தில்லாத காலத்தில் இந்நோய் கண்ட குதிரை பிழைப்பது அரிது. மேலும், வறண்ட வெயிலில் வளர்ந்த குதிரை நம் கடற்கரையின் புழுக்கத்திற்கு வரும்போது, சில வேளைகளில் வியர்ப்பதையே நிறுத்திவிடும். வியர்வையால் உடலைக் குளிர்விக்கும் விலங்கு அது. வியர்க்காமல் ஓடினால் என்னவாகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அப்படியானால் குதிரையை எவ்வாறு வளர்க்க வேண்டும்? தாய் வயிற்றில் ஏறத்தாழ பதினொரு மாதம் இருந்து பிறக்கும் குட்டி ஒரு மணி, இரண்டு மணி நேரத்திற்குள் எழுந்து நிற்கும். அன்றே சீம்பால் குடித்துவிட வேண்டும். முதல் வாரங்களிலேயே மனிதக் கை அதன் கழுத்தையும் வயிற்றையும் காலையும் தொட்டுப் பழக்க வேண்டும். குளம்பைத் தூக்கிக் காட்டப் பழகிய குட்டி, பின்னாளில் லாடம் அடிப்பவரை உதைக்காது. நான்கு முதல் ஆறு மாதத்தில் பால் மறக்கச் செய்யும்போது தனியே அடைத்துவிடக் கூடாது. இன்னொரு குட்டியோ, அமைதியான முதிய குதிரையோ உடனிருக்க வேண்டும். தனிமையைப் போல் குதிரையைக் கெடுப்பது வேறில்லை.

ஓராண்டு, ஈராண்டு வயதில் அதற்கு வேலை இல்லை; உலகம் பார்ப்பதே பாடம். தலைக்கயிற்றோடு நடப்பது, வண்டிச் சத்தம், விரித்த குடை, மேளம், ஓடும் நீர் ஆகிய எல்லாவற்றையும் அஞ்சாமல் கடப்பது. "கொள்ளென்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் வாயை மூடும்" என்று நம் பாட்டிமார் நம்மைத்தான் ஏசுவார்கள்! குதிரையின் பக்கத்திலும் நியாயம் உண்டு. இரண்டரை வயதில் தொடங்கி ஐந்து வயதுவரை அதற்குப் பால்பற்கள் விழுந்து புதுப்பற்கள் முளைக்கின்றன. அந்த வாயில் இரும்பைத் திணித்து இழுத்தால் வலிக்காதா? (அந்தியூர்க் குருநாதசாமி கோயில் ஆடிச் சந்தையில் குதிரை வாங்குவோர் வாயைத் திறந்து பற்களைப் பார்ப்பது இதனால்தான். பல்லே வயதைச் சொல்லும்.) மூன்று வயதளவில் முதுகில் துணி, பிறகு வெறும் சேணம், பிறகு எடை குறைந்த ஒருவர், சிறிது நேர நடை. முதுகெலும்பு முழுதும் முற்ற ஐந்து வயதும் கடந்துவிடும். பயிற்சியின் இரகசியம் ஒன்றுதான்: கடிவாளத்தை இழுப்பதில் அன்று, குதிரை கீழ்ப்படிந்த அந்த நொடியிலேயே தளர்த்துவதில்தான் அது கற்றுக்கொள்கிறது. தளர்த்தத் தெரியாத கையில் வாயும் மரத்துப்போகும், மனமும் மரத்துப்போகும். நாற்பது நாள் கட்டிவைத்து நாற்பத்தோராம் நாள் போருக்கு ஓட்டுவதற்கும் இதற்கும் இடையே நான்கு ஆண்டுகள் இருக்கின்றன.

நம் கரையில் ஒரு குதிரை மந்தை இருந்தால் அதன் ஆண்டு எப்படிக் கழியும்? மார்கழி, தை மாதங்களே நல்ல காலம். மழை ஓய்ந்து புல் மிகுந்திருக்கும். குட்டி ஈனவும் பயிற்சி தொடங்கவும் ஏற்ற பருவம் அது. பங்குனி முதல் வைகாசி வரை வெயில். ஒரு குதிரை நாளொன்றுக்குச் சாதாரணமாக 25 முதல் 45 லிட்டர் நீர் குடிக்கும். கோடையில் அதற்கும் மேல். நிழலும் நீரும் உப்பும் வேண்டும். வேலை விடியலிலும் பொழுது சாய்ந்த பின்னும்தான். ஆனி, ஆடியில் குற்றாலத்தில் சாரல் விழும். நமக்கோ தேரிக்காட்டுச் செம்மணலைச் சுழற்றியடிக்கும் காற்று. அப்போது தரையில் தீனி போட்டால் குதிரை மணலையும் சேர்த்துத் தின்னும். மணல் குடலில் தங்கி உயிருக்கே உலை வைக்கும். சாணத்தைச் சிறிது எடுத்துத் தண்ணீரில் கரைத்து வைத்தால், அடியில் மணல் படிகிறதா என்று யாரும் பார்த்துவிடலாம். எளிய சோதனை, செலவும் இல்லை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சேற்றில் நின்றால் குளம்பின் அடி அழுகும். மேடான உலர்ந்த தரை வேண்டும். நாள்தோறும் குளம்பைத் தூக்கிச் சுரண்ட வேண்டும். புதுப்புல் முளைத்ததே என்று மந்தையை ஒரேயடியாக அவிழ்த்து விடுவதும் ஆபத்து. பத்து நாளாவது நேரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும். குளம்பு மாதம் கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர் வளர்வதால், எந்தப் பருவமானாலும் ஆறேழு வாரத்திற்கொரு முறை சீவியாக வேண்டும்.

வெள்ளையர் காலத்திலும் கதை பெரிதும் மாறவில்லை. கிழக்கிந்தியக் கம்பெனி 1824இல் ஓசூரில் குதிரை வளர்ப்புக்கென ஒரு பண்ணை தொடங்கியது. அது பின்னர் கால்நடைப் பண்ணையாயிற்று. அப்படியிருந்தும் படைக்கு வேண்டிய குதிரைகள் ஆஸ்திரேலியாவிலிருந்து கப்பலில் வந்துகொண்டேயிருந்தன.

இந்தத் தட்பவெப்பத்தில் குதிரை பெருகவே பெருகாது என்று சொல்பவர்களுக்கு, யாழ்ப்பாணத்தை அடுத்த நெடுந்தீவைக் காட்டலாம். போர்ச்சுக்கீசியரும் அவருக்குப் பின் ஒல்லாந்தரும் அங்கே குதிரை வளர்த்தார்கள். அவர்கள் போய்விட்டார்கள், குதிரைகள் இருக்கின்றன. லாயம் இல்லை, கொள்ளு இல்லை, வெண்ணெய் இல்லை. முருகைக்கல் தரையில் மேய்ந்து, குட்டி போட்டு, தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றன. உருவில் சிறியவைதாம், ஆனால் ஓடத் தெரிந்த கால்கள். ஆண்குதிரை ஒன்று, பெண்குதிரைகள் சில, அவற்றின் குட்டிகள் எனச் சிறு கூட்டங்களாகத் திரிகின்றன. இளம் ஆண்குதிரைகள் வளர்ந்ததும் கூட்டத்தைவிட்டு விரட்டப்படும். மழைக்காலத்தில் அவற்றுக்குக் குறையில்லை. ஆடி, ஆவணி வறட்சியில்தான் துன்பம். நீர்நிலைகள் வற்றும்போது குதிரைகள் மெலிகின்றன, சில இறந்தும் போகின்றன. எஞ்சியவை, நீர் மிச்சமிருக்கும் பள்ளங்களை நோக்கி வயது முதிர்ந்த பெண்குதிரையின் பின்னே வரிசையாக நடக்கின்றன. குட்டிகள் தாயின் விலாவை ஒட்டியபடியே அந்த வழியைப் பார்த்துக்கொண்டு போகின்றன.