தேர்ச்சி அறிக்கையில் கையொப்பம் வைக்கும் முன்



சம்பளத்தன்று கையில் கிடைக்கும் சம்பளத் துண்டை நம்மில் யாரும் கடைசி வரியை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைப்பதில்லை. எத்தனை பேர் விழுந்திருக்கிறது, சேமலாப நிதிக்கு எவ்வளவு பிடித்தார்கள், முற்பணத்துக்கு எவ்வளவு போனது, சங்கச் சந்தா எவ்வளவு என்று வரி வரியாகப் பார்க்கிறோம். ஒரு பேர் குறைந்திருந்தால் அன்றைக்கே போய்க் கேட்கிறோம். வாசிக்கத் தெரியாதவர்கள் பக்கத்துக் காம்பராப் பிள்ளையைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லிக் கேட்கிறார்கள்.

பள்ளிக்கூடத்திலிருந்து வரும் தேர்ச்சி அறிக்கையை மட்டும் நாம் அப்படிப் பார்ப்பதில்லை. "எத்தனையாம் பிள்ளை?" என்று ஒரு கேள்வி. பதில் வந்ததும் பேனையை வாங்கி ஒரு கையொப்பம். அதோடு சரி.

இதற்கு நம் மக்களைக் குறை சொல்ல முடியாது. தோட்டப் பாடசாலைகள் தோட்ட நிர்வாகத்தின் கையில் இருந்த காலத்தில் படிப்பு பெரும்பாலும் ஐந்தாம் வகுப்போடு நின்றது. 1977 முதல்தான் அரசாங்கம் அந்தப் பாடசாலைகளைப் படிப்படியாகப் பொறுப்பேற்றது. தவணைக்குத் தவணை அறிக்கை பார்த்து, ஆசிரியரோடு உட்கார்ந்து பேசும் பழக்கம் நம் தாத்தா பாட்டிமாருக்குக் கிடைக்கவில்லை. நாங்கள்தான் அதைப் பழகிக்கொள்ள வேண்டும்.

இந்தப் பாடத்தில் அந்த அறிக்கையை வரி வரியாக வாசிக்கப் பழகுவோம். கொழும்பில் கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தைப் பக்கம் சொந்தக்காரர் வீட்டில் விட்டுப் பிள்ளையைப் படிப்பிக்கும் பெற்றோருக்கும், தோட்டத்திலிருந்து போய் அங்கேயே குடியிருக்கும் குடும்பங்களுக்கும் இது முக்கியமாக உதவும்.

அறிக்கையில் என்ன இருக்கும்?

நமது நாட்டுப் பாடசாலைகளில் வருடத்துக்கு மூன்று தவணை. தவணைப் பரீட்சை முடிந்ததும் அறிக்கை எழுதப்படும். பாடசாலைக்குப் பாடசாலை படிவம் கொஞ்சம் மாறினாலும் பொதுவாக இவை இருக்கும்:

1. பாடங்களின் பெயரும் ஒவ்வொன்றுக்கும் கிடைத்த புள்ளியும்.
2. மொத்தப் புள்ளி, சராசரிப் புள்ளி.
3. வகுப்பில் பிள்ளையின் நிலை. நாம் "எத்தனையாம் பிள்ளை" என்று கேட்பது இதைத்தான்.
4. பாடசாலை நடந்த நாட்கள், பிள்ளை வந்த நாட்கள்.
5. வகுப்பாசிரியரின் குறிப்பு.
6. வகுப்பாசிரியர், அதிபர், பெற்றோர் அல்லது பாதுகாவலர் கையொப்பம்.

சில படிவங்களில் வகுப்பிலேயே ஆகக்கூடிய புள்ளி எவ்வளவு என்பதையும் பாடத்துக்குப் பாடம் எழுதியிருப்பார்கள். அந்த வரிசை இருந்தால் அதையும் பாருங்கள். பிள்ளைக்கு 45, ஆகக்கூடியது 52 என்றால் கேள்வித்தாள் கடினமாக இருந்திருக்கலாம். பிள்ளைக்கு 45, ஆகக்கூடியது 96 என்றால் கதை வேறு.

க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையில் 75 அல்லது அதற்கு மேல் எடுத்தால் ஏ, 65 முதல் 74 வரை பி, 50 முதல் 64 வரை சி, 35 முதல் 49 வரை எஸ். 35க்குக் கீழே போனால் டபிள்யூ, அதாவது சித்தியில்லை. சி என்பது திறமைச் சித்தி, எஸ் என்பது சாதாரண சித்தி. இந்த 35, 50 என்ற இரண்டு இலக்கங்களை மனதில் வைத்துக்கொண்டாலே பாதி அறிக்கை விளங்கிவிடும்.

ஓர் உதாரணம் பார்ப்போம்

கொட்டாஞ்சேனையில் அத்தை வீட்டில் தங்கி தரம் 10 படிக்கும் ஒரு பிள்ளை என்று வைத்துக்கொள்வோம். இது விளக்கத்துக்காக நாங்கள் எழுதிய கணக்கு. மூன்று தவணைப் புள்ளிகள் இப்படி இருக்கின்றன:

சமயம்: 62, 70, 76
தமிழ்: 58, 63, 68
ஆங்கிலம்: 36, 38, 39
கணிதம்: 48, 41, 33
விஞ்ஞானம்: 44, 43, 40
வரலாறு: 45, 52, 60
வணிகக் கல்வி: 50, 52, 55
சங்கீதம்: 60, 66, 70
சுகாதாரம்: 56, 61, 63

மொத்தம்: 459, 486, 504
சராசரி: 51, 54, 56
வகுப்பில் நிலை: 22, 18, 15

கடைசி மூன்று வரியை மட்டும் பார்த்தால் சந்தோஷமான செய்தி. மொத்தம் ஏறுகிறது, சராசரி ஏறுகிறது, இருபத்திரண்டாம் பிள்ளை பதினைந்தாம் பிள்ளையாக வந்திருக்கிறது. அத்தை கையொப்பம் வைத்துவிட்டுத் தோட்டத்துக்குத் தொலைபேசி எடுத்து, "நல்லா முன்னுக்கு வந்திருக்கு அண்ணே, பயப்பட ஒண்ணுமில்ல" என்று சொல்வார். அவர் சொன்னதில் பொய்யில்லை.

இப்போது கணித வரியைப் பாருங்கள். 48, அடுத்து 41, அடுத்து 33. தவணைக்கு ஏழு, எட்டுப் புள்ளி விழுந்து, வருடக் கடைசியில் 35க்குக் கீழே போய்விட்டது. சமயமும் வரலாறும் சங்கீதமும் ஏறிய ஏற்றத்தில் இந்த இறக்கம் மறைந்துவிட்டது. பிள்ளை ஒன்பது பாடத்தில் எட்டில் சித்தி. அதில் ஆறு பாடத்தில் 50க்கு மேல். ஆனால் கணிதம் இல்லை.

இது ஏன் பெரிய விஷயம்? உயர்தர வகுப்பில் சேர, தாய்மொழியும் கணிதமும் அடங்கலாக ஆறு பாடங்களில் சித்தியும், அதில் மூன்று திறமைச் சித்தியும் பொதுவாகக் கேட்கப்படுகிறது. சுற்றறிக்கைகள் அவ்வப்போது திருத்தப்படும், ஆகவே அந்தந்த வருட விதியை அதிபரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பல அரசாங்க வேலை விண்ணப்பங்களிலும் கணிதச் சித்தி கேட்பார்கள். 2016இல் கட்டாயக் கல்வி வயது 14இலிருந்து 16 ஆக உயர்த்தப்பட்டது. பதினாறு வயதில் ஓ.எல். எழுதி, கணிதத்தில் விழுந்து, மனமுடைந்து கடைக்கு வேலைக்குப் போய்விடும் பிள்ளைகளை நாங்கள் எல்லோரும் அறிவோம். அந்தப் பிள்ளைகளில் பலருடைய பழைய அறிக்கையை எடுத்துப் பார்த்தால் இறக்கம் ஒரு வருடம், இரண்டு வருடம் முன்னாலேயே தொடங்கியிருக்கும்.

ஆகவே முதல் விதி இதுதான்: ஒரு அறிக்கையைத் தனியாக வாசிக்காதீர்கள். போன தவணை அறிக்கையைப் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு பாடமும் ஏறியிருக்கிறதா இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். இறங்கிய பாடத்துக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். ஐந்து நிமிட வேலை.

"எத்தனையாம் பிள்ளை?"

வகுப்பு நிலை மற்றப் பிள்ளைகளோடு ஒப்பிட்டுச் சொல்லும் கணக்கு. நம் பிள்ளை அதே இடத்தில் நிற்க, மற்றவர்கள் பின்னுக்குப் போனாலும் நிலை ஏறும். நம் பிள்ளை உண்மையாகவே முன்னேறியும், மற்றவர்கள் அதைவிட வேகமாக ஓடினால் நிலை இறங்கும். பிள்ளைக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்பதை அந்த இலக்கம் சொல்லாது.

வெளிநாடுகளிலும் இதை யோசித்திருக்கிறார்கள். சிங்கப்பூரில் 2019 முதல் மாணவர் அறிக்கையில் வகுப்பு நிலையைப் போடுவதை நிறுத்தினார்கள். தமிழ்நாட்டில் 2017 முதல் பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை முடிவுகளில் மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பதை விட்டார்கள். நிலை கேட்பது தவறென்று நாங்கள் சொல்லவில்லை. அதைக் கடைசியாகக் கேளுங்கள் என்கிறோம்.

சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு இது இன்னும் பொருந்தும். ஆரம்பப் பிரிவில் "அத்தியாவசியக் கற்றல் தேர்ச்சிகள்" என்று ஒரு பட்டியல் ஆசிரியரிடம் இருக்கும். தெளிவாக வாசிக்கிறதா, சொல்வதெழுதுகிறதா, கூட்டிக் கழிக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் குறித்து வைப்பார்கள். அங்கே நீங்கள் கேட்க வேண்டியது, "எந்தத் தேர்ச்சி இன்னும் வரவில்லை?" என்பதுதான்.

வரவு என்ற வரி

உதாரணத்துக்கு 64 நாள் பாடசாலை நடந்திருக்கிறது, பிள்ளை 49 நாள் வந்திருக்கிறது. 15 நாள் இல்லை. வாரத்துக்கு ஐந்து நாள் பாடசாலை என்றால் அது முழுதாக மூன்று வாரம்.

கொழும்பில் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு இது எப்படி நடக்கிறது? தீபாவளிக்குத் தோட்டத்துக்கு வந்தால் முன்னுக்கு இரண்டு நாள், பின்னுக்கு நான்கு நாள். தோட்டத்துத் தேர்த் திருவிழாவுக்கு ஒரு வாரம். கல்யாணம், சாவீடு. மலைப்பாதை பஸ்ஸிலும் ரயிலிலும் போக ஒரு நாள், வர ஒரு நாள். திருவிழாவுக்கு வரவேண்டாம் என்று யார் சொல்வார்கள்? ஆனால் கணிதம் கட்டடம் மாதிரி. அட்சரகணிதத்தில் ஒரு வாரம் தவறினால் அதற்கு மேலே வருகிற எல்லாப் பாடமும் ஆடும். பிள்ளை திரும்பிப் போனதும் தவறிய பாடத்தைக் கூட்டாளியின் கொப்பியைப் பார்த்து எழுதினால் மட்டும் போதாது. யாராவது சொல்லிக் கொடுக்கவும் வேண்டும்.

பிள்ளை கொழும்பில், பெற்றோர் தோட்டத்தில்

அறிக்கையில் "பெற்றோர் / பாதுகாவலர்" என்று எழுதியிருக்கும். கொழும்பில் இருக்கும் சித்தியோ மாமாவோ பாதுகாவலராகக் கையொப்பம் வைப்பதில் பிழையில்லை. ஆனால் புறக்கோட்டையில் கடை வேலை முடிந்து இரவு ஒன்பது மணிக்கு வீடு திரும்புகிற மாமாவுக்கு அறிக்கையை உட்கார்ந்து வாசிக்க நேரம் எங்கே? ஆகவே இப்படிச் செய்யலாம்:

கையொப்பம் வைக்கும் முன் அறிக்கையின் முழுப் பக்கத்தையும் தொலைபேசியில் படமெடுத்து வாட்ஸ்அப்பில் தோட்டத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள். 2020 மார்ச்சில் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்ட பிறகு பல வகுப்புகள் வாட்ஸ்அப் குழு வைத்துப் பழகிவிட்டன. உங்கள் இலக்கத்தையும் குழுவில் சேர்க்க முடியுமா என்று வகுப்பாசிரியரிடம் கேளுங்கள்.

வருடத்தில் ஒரு பெற்றோர் கூட்டத்துக்காவது தாயோ தகப்பனோ நேரில் போகப் பாருங்கள். ஒரு பேர் போகும், பஸ் காசு போகும், எங்களுக்கும் தெரியும். மூன்று கூட்டத்துக்கும் போக முடியாவிட்டால் முதலாம் தவணைக் கூட்டத்துக்குப் போங்கள். அப்போது கண்டுபிடித்தால் சரிசெய்ய இரண்டு தவணை மிச்சம் இருக்கும்.

டியூஷன் புள்ளி வேறு, பாடசாலைப் புள்ளி வேறு

வெள்ளவத்தைப் பக்கம் டியூஷன் வகுப்புகளுக்குக் குறைவில்லை. கொட்டாஞ்சேனையிலும் அப்படித்தான். அங்கே நடக்கும் சோதனையில் பிள்ளை 80 எடுத்தது என்றால் சந்தோஷம்தான். ஆனால் அது பெரும்பாலும் அந்த மாதம் படித்த ஒரு பகுதியிலிருந்து வரும் சோதனை. தவணைப் பரீட்சை பரந்த பாடப்பரப்பைத் தொடும். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால், இன்னொரு டியூஷனுக்குக் காசு கட்டுவதற்கு முன் வகுப்பாசிரியரிடம் கேளுங்கள்.

கூட்டத்தில் என்ன கேட்பது?

ஆசிரியருக்கு முன்னால் உட்கார்ந்ததும் வாயடைத்துப் போகிறது என்று பல அம்மாமார் சொல்கிறார்கள். "பார்த்துக்கோங்க டீச்சர்" என்று எழும்பி வந்துவிடுகிறோம். கைநாட்டு வைப்பவர்களும் கூச்சப்பட வேண்டாம். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் ஒவ்வொரு பெற்றோருக்கும் இடம் உண்டு. இந்த நான்கு கேள்வி போதும்:

"டீச்சர், எந்தப் பாடத்தில் புள்ளி இறங்கியிருக்கு?"
"அந்தப் பாடத்தில் எந்தப் பகுதி பிள்ளைக்கு விளங்கவில்லை?"
"வீட்டில் நாங்கள் என்ன செய்யலாம்?"
"சரியாயிட்டதா என்று அடுத்த பரீட்சைக்கு முன்னால் எப்படித் தெரிஞ்சுக்கிறது?"

"கவனம் போதாது" என்று மட்டும் பதில் வந்தால், மரியாதையோடு இரண்டாம் கேள்வியைத் திரும்பக் கேளுங்கள். பின்னங்களா, அட்சரகணிதமா, கேத்திரகணிதமா என்று பெயர் தெரிந்தால்தான் யாராவது உதவ முடியும்.

அடிக்க வேண்டாம்

குறைந்த புள்ளிக்காக அடி வாங்கிய பிள்ளை அடுத்த தவணை அறிக்கையை ஒளிக்கப் பழகும். சில பிள்ளைகள் தாமே கையொப்பம் வைத்துவிடுகிறார்கள். பிறகு வீட்டுக்கு எதுவும் தெரிய வராது. "ஏன் குறைஞ்சுச்சு?" என்று கோபமாகக் கேட்பதைவிட, "எந்தக் கணக்கு வரல்ல, கொப்பியைக் காட்டு பார்ப்போம்" என்று கேளுங்கள். உங்களுக்குக் கணக்கு விளங்கத் தேவையில்லை. சிவப்புப் பேனை எங்கே அதிகம் விழுந்திருக்கிறது என்று பார்க்க எந்தத் தாய்க்கும் முடியும்.

பயிற்சி

உங்கள் பிள்ளையின் கடைசி இரண்டு அறிக்கைகளை எடுங்கள். கிடைக்காவிட்டால் வகுப்பாசிரியரிடம் புள்ளிகளைக் கேட்டு ஒரு தாளில் எழுதுங்கள். பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து இவற்றைப் பாருங்கள்:

1. எந்தெந்தப் பாடம் இறங்கியிருக்கிறது?
2. எந்தப் பாடம் 35க்குக் கீழே, அல்லது அதற்குக் கிட்ட இருக்கிறது?
3. எத்தனை நாள் பாடசாலைக்குப் போகவில்லை? ஏன்?
4. எந்தப் பாடம் ஏறியிருக்கிறது?

நான்காம் கேள்விக்குக் கிடைக்கும் பதிலைப் பிள்ளையிடம் முதலில் சொல்லிப் பாராட்டுங்கள். பிறகு மற்ற மூன்றையும் பேசுங்கள். அதற்குப் பிறகு கையொப்பம் வைத்தால், அறிக்கையை வாசித்து விளங்கிக்கொண்டதற்கு அது சாட்சியாக இருக்கும்.