ஹெச்.ஐ.வி. உள்ளவருக்கு மலேரியா வந்தால்?

உகாண்டா, மலாவி, சாம்பியா போன்ற நாடுகளில் ஹெச்.ஐ.வி.யும் மலேரியாவும் பல நேரம் ஒரே உடம்பில் குடியிருக்கின்றன. அந்த நாடுகளின் மருத்துவமனைகளில் தெரியவந்த விஷயங்கள் ஒரு பக்கம் இருக்க, ஊரில் உலவும் நம்பிக்கைகள் வேறு திசையில் போகின்றன.

நம்பிக்கை: மலேரியா கொசு ஹெச்.ஐ.வி.யையும் பரப்பும்.

உண்மை: பரப்பாது. மலேரியா ஒட்டுண்ணி அனாபிலிஸ் கொசுவின் குடலில் பெருகி, உமிழ்நீர்ச் சுரப்பிக்கு ஏறி வரும். ஹெச்.ஐ.வி.யோ கொசுவின் வயிற்றில் ரத்தத்தோடு சேர்ந்து செரித்துப்போகும். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் இந்தக் கேள்விக்குப் பதில் எழுத வேண்டியிருக்கிறது!

நம்பிக்கை: இது வேறு, அது வேறு, இரண்டுக்கும் சம்பந்தமில்லை.

உண்மை: உகாண்டாவில் நோய் எதிர்ப்புக்கான சி.டி.4 அணுக்கள் குறையக் குறைய மலேரியா அடிக்கடி வந்தது. மலாவியில் மலேரியா வந்த பெரியவர்களின் ரத்தத்தில் ஹெச்.ஐ.வி. அளவு கூடியது, மலேரியாவுக்குச் சிகிச்சை அளித்த பிறகு இறங்கியது.

நம்பிக்கை: ஹெச்.ஐ.வி. இருந்தால் மலேரியா மருந்து கேட்காது.

உண்மை: கேட்கும். சி.டி.4 மிகவும் குறைந்தவர்களிடம் சிகிச்சைக்குப் பின் ஒட்டுண்ணி மறுபடி தலைகாட்டுவது சாம்பியாவில் பதிவாகியிருக்கிறது. ஆனால் திரும்பி வரும் காய்ச்சலெல்லாம் மருந்தின் தோல்வி அல்ல. உகாண்டாவில் அவற்றில் பெரும்பாலானவை புதிய கொசுக்கடியால் வந்த புதுத் தொற்றுகள்.

நம்பிக்கை: மலேரியா மாத்திரை எல்லோருக்கும் ஒன்றுதான்.

உண்மை: இங்கேதான் நிஜமான ஆபத்து. ஹெச்.ஐ.வி. உள்ள பலர் மற்ற தொற்றுகள் வராமலிருக்க தினமும் கோட்ரைமோக்சசோல் சாப்பிடுகிறார்கள். நம் ஊரில் செப்ட்ரான் என்றால் தெரியும். அது மலேரியாவையும் தடுக்கிறது. உகாண்டா ஆய்வு ஒன்றில் மலேரியா சுமார் 70 சதவீதம் குறைந்தது. ஆனால் ஆர்ட்டிசுனேட்டுடன் சல்ஃபடாக்சின்-பைரிமெத்தமின் சேர்ந்த மலேரியா கூட்டு மருந்தும் ஏறக்குறைய அதே வேலையைச் செய்யும் சல்ஃபா மருந்துதான். இரண்டும் சேர்ந்தால் தோல் உரியும் அளவுக்கு ஒவ்வாமை வரலாம். ரத்த அணுக்களும் குறையலாம். கோட்ரைமோக்சசோல் எடுப்பவருக்கு இந்தக் கூட்டைத் தவிர்க்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். இது ஆப்பிரிக்காவோடு முடிகிற செய்தி அல்ல. வடகிழக்கு மாநிலங்கள் நீங்கலாக, இந்தியாவில் ஃபால்சிபாரம் வகை மலேரியாவுக்குத் தேசியத் திட்டம் வழங்கிவந்தது இதே கூட்டைத்தான்.

அமோடியாகுயின் சேர்ந்த மலேரியா மாத்திரையையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். ஹெச்.ஐ.வி. மருந்துகளில் ஜிடோவுடின் எடுப்பவருக்கு அது வெள்ளை அணுக்களைக் குறைக்கலாம்; எஃபாவிரென்ஸ் எடுப்பவருக்குக் கல்லீரலைப் பாதிக்கலாம். எஃபாவிரென்ஸ் மற்றொரு மலேரியா மருந்தான லூமெஃபான்ட்ரினின் அளவையும் ரத்தத்தில் இறக்கிவிடும். எஃபாவிரென்ஸ் இருந்த இடத்துக்கு இப்போது டோலுடெக்ராவிர் வந்திருப்பதால் இந்தத் தலைவலி ஓரளவு குறைந்திருக்கிறது.

நம்பிக்கை: காய்ச்சல் தீரும்வரை ஹெச்.ஐ.வி.க்கான ஏ.ஆர்.டி. மாத்திரையை நிறுத்தி வைக்கலாம்.

உண்மை: நீங்களாக ஒரு நாள்கூட நிறுத்தாதீர்கள். காய்ச்சல் என்றதும் மலேரியா என்று முடிவு கட்டவும் வேண்டாம், காசநோயாகவும் இருக்கலாம். ரத்தப் பரிசோதனை முதலில், மாத்திரை பிறகு. வெட்கப்பட்டோ பயந்தோ ஹெச்.ஐ.வி. இருப்பதைக் காய்ச்சல் பார்க்கும் மருத்துவரிடம் மறைக்கிறவர்கள் உண்டு. உங்கள் நோயை ஊருக்குச் சொல்ல வேண்டியதில்லை. தினமும் சாப்பிடும் மாத்திரைகளின் அட்டைகளை மட்டும் அந்த மருத்துவரிடம் கட்டாயம் காட்டுங்கள்.