இழுக்காதே மணி! (நாயை அமைதியாக நடக்கப் பழக்குவது எப்படி?)

காலையில் மயிலாப்பூர், மந்தைவெளி பக்கம் வந்தால் ஒரு வேடிக்கை பார்க்கலாம். முன்னால் நாய் ஓடும், பின்னால் ஒரு அங்கிள் ஓடுவார். யார் யாரை வாக்கிங் கூட்டிப் போறாங்கன்னே தெரியாது.

எங்கள் வீட்டிலும் அதே கதைதான். எங்கள் மணி சாதாரணத் தெரு நாய் ஜாதி. ஒருநாள் பூனையைப் பார்த்ததும் பாய்ந்துவிட்டான். தாத்தா லீஷைக் கையில் இரண்டு சுற்று சுற்றிப் பிடித்திருந்தார். சட்டென்று விட முடியவில்லை. விழுந்ததில் மணிக்கட்டு எலும்பில் விரிசல், ஆறு வாரம் மாவுக்கட்டு. (மணியால் மணிக்கட்டு போச்சு என்று அண்ணன் கிண்டல் செய்தான். யாரும் சிரிக்கவில்லை.) அன்று ராத்திரி அம்மா சொன்னது: "ஒரு மாசம் பாப்பேன். அதுக்குள்ள ஒழுங்கா நடக்கலைன்னா யாருக்காவது குடுத்துடலாம்." அதனால்தான் இந்தப் பாடத்தை நான் படிக்க வேண்டி வந்தது.

நாய் ஏன் இழுக்கிறது? திமிர் இல்லை. முதல் காரணம், அதன் இயல்பான நடை நம்முடையதைவிட வேகம். இரண்டாவது, மூக்கு. நமக்கு மோப்ப செல்கள் சுமார் 50 லட்சம் என்றால் நாய்க்குப் பத்துக் கோடிக்கும் மேல். மாட வீதி காய்கறிக் கடை, பூக்கூடை, மாடு எல்லாமே அதற்கு ஒரு பெரிய செய்தித்தாள். மூன்றாவதுதான் முக்கியம்: இழுத்தால் நாம் பின்னாலேயே போகிறோம். ஆக, இழுக்கச் சொல்லிக் கொடுத்ததே நாம்தான்!

ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். சாப்பாட்டுக்கு முன் ஒரு சத்தத்தைக் கேட்டுப் பழகிய நாய், பிறகு சத்தம் கேட்டாலே எச்சில் விடும் என்று காட்டியவர். எங்கள் வீட்டில் லீஷ் கொக்கி 'க்ளிக்' என்றாலே மணி குதிப்பான். அதே சமாச்சாரம். அதனால் முதல் மூன்று நாள் வெளியே போகாத நேரத்திலும் அடிக்கடி லீஷை மாட்டிக் கழற்றினேன். அவனுக்கே அலுத்துப் போச்சு. வாசலுக்குப் போகும்போதும் அவன் உட்கார்ந்தால்தான் கதவு திறக்கும்.

பிறகு மொட்டை மாடியில் பழக்கம். லீஷ் தொங்கலாக, என் இடது முழங்கால் பக்கத்தில் நடந்தால் உடனே ஒரு துண்டு வேக வைத்த கோழி. வேர்க்கடலை அளவு போதும். கோழி வேண்டாதவர்கள் கேரட் கொடுக்கலாம். ஆனால் பாயசத்தில் போடுகிற உலர் திராட்சை, சாக்லேட், வெங்காயம் மூன்றும் நாய்க்கு விஷம். இழுத்தால்? நின்றுவிட வேண்டும், மரம் மாதிரி. திட்டக் கூடாது, வெடுக்கென்று இழுக்கவும் கூடாது. அவன் திரும்பிப் பார்த்து லீஷ் தளர்ந்ததும் மறுபடி நட. முதல் நாள் தெருவில் பத்து வீடு தாண்ட இருபது நிமிஷம் ஆச்சு. பால்காரர் "என்னப்பா, வண்டி ரிப்பேரா?" என்று கேட்டார். ரொம்ப வெட்கமாக இருந்தது. ஆனால் ஒரு தடவை இழுக்க விட்டுவிட்டால் 'அடம் பிடிச்சா கிடைக்கும்' என்று அது கற்றுக்கொள்ளும். அதனால் வீட்டில் எல்லோரும் ஒரே மாதிரி செய்ய வேண்டும். அண்ணன் செய்யாததால் எனக்கு ஒரு வாரம் வேஸ்ட்.

கழுத்தை இறுக்கும் சங்கிலி வாங்காதீர்கள், மூச்சுக்குழாயை அழுத்தும். நெஞ்சுப் பக்கம் வளையம் உள்ள ஹார்னஸ் நல்லது. இழுத்தால் நாய் நம் பக்கமே திரும்பிவிடும். லீஷைக் கையில் சுற்றவே கூடாது!

நம்ம ஊர் வெயிலுக்கு ஒன்று. புறங்கையைத் தார் ரோட்டில் ஏழு விநாடி வைத்துப் பாருங்கள். சுட்டால் நாயின் பாதமும் சுடும். காலை ஆறு மணிதான் சரி. அடுத்த தெரு நாய்கள் குரைத்தால் ஓடாதீர்கள், எதிர்ப்பக்கம் கடந்து மெதுவாகப் போங்கள். கடி பட்டால் சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவி, அன்றே டாக்டரிடம் போக வேண்டும். ரேபீஸ் அறிகுறி வந்த பிறகு பிழைப்பது மிக மிக அரிது.

'இவ்வளவு தொல்லைக்குக் கட்டியே போடலாமே' என்பீர்கள். 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி, எப்போதும் கட்டியே வைத்திருக்கும் நாயை நடத்திக் கூட்டிப் போகாமல் விடுவதும் குற்றம். அவிழ்த்து விடுவதும் தப்பு. 2024 மே மாதம் ஆயிரம் விளக்குப் பகுதியில், மாநகராட்சிப் பூங்காவில் இரண்டு ராட்வீலர் நாய்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறியது ஞாபகம் இருக்கும்.

ஒரு மாசம் முடிந்த அன்று அம்மா ஒன்றும் சொல்லவில்லை, மணிக்குத் தயிர் சாதம் வைத்தார். தாத்தாவுக்குக் கட்டுப் பிரித்த மறுவாரம், லஸ் முனை வரை நான் பிடித்து நடந்தேன். திரும்பும்போது தாத்தா கை நீட்டி, "இங்க குடுடா" என்றார். குளக்கரை வரை லீஷ் தொங்கலாகவே இருந்தது. பூனை மட்டும் வரவில்லை, நல்ல வேளை!