ஒற்றைக்காலில் நின்று காட்டாதீர்கள்

கபடி சீசன் தொடங்கினால் போதும், இதே வசனம்தான். "ஒத்தக்கால்ல ஒரு நிமிஷம் அசையாம நிக்கிறேன் சார், முட்டி செட் ஆயிடுச்சு. இறங்கலாம்ல?" கேட்பவன் முட்டியின் முன் ஜவ்வு அறுந்து, ஆபரேஷன் முடிந்து ஐந்து மாதம் ஆன பையன். பின்னால் நிற்கும் அண்ணனும் மாமாவும் டீம் மேனேஜரும் தலையாட்டுகிறார்கள். எவர் கிளப்பிவிட்ட சோதனையோ, இப்போது ஊர் ஊராகச் சுற்றுகிறது.

இறங்கக் கூடாது தம்பி.

சிமென்ட் தரையில், கண்ணைத் திறந்துகொண்டு, எதிர்ச்சுவரைப் பார்த்து நிற்பதில் முட்டிக்கு என்ன பெரிய வேலை? உடம்பை நிமிர்த்தி வைக்கும் செய்தியைக் கண்ணும் உள்காதும் மூளைக்கு அனுப்புகின்றன. மூட்டு, தசை, பாதத்தோலில் உள்ள உணர்வு நரம்புகளும் அனுப்புகின்றன. முன் ஜவ்வை ஒரு கயிறு என்றே எல்லாரும் நினைக்கிறார்கள். ஆனால் முட்டி எப்படி மடங்குகிறது, எவ்வளவு இழுபடுகிறது என்று சொல்லும் நரம்பு முனைகள் அதற்குள் இருக்கின்றன. ஜவ்வு அறுந்தபோது அந்தச் செய்தியும் அறுந்தது. தொடையின் பின்புறத் தசைநாரை எடுத்து சர்ஜன் பொருத்தும் புது ஜவ்வு முட்டியைப் பிடித்து நிறுத்தும். பழைய நரம்பு முனைகளைக் கொண்டுவராது.

குறையை ஈடுகட்டுவது கண். இந்த ஆபரேஷன் ஆனவர்களை முட்டியை மடக்கி நீட்டச் சொல்லி மூளையை ஸ்கேன் செய்த அமெரிக்க ஆய்வு ஒன்றில், பார்வையோடு தொடர்புள்ள பகுதி மற்றவர்களைவிடக் கூடுதலாக வேலை செய்தது. ரெய்டு போகிறவனின் கண்ணோ எதிரே நிற்கும் ஏழு பேர் மேல் இருக்கும். முட்டியை யார் பார்ப்பது?

அடுத்த வாதம், "நல்ல கால் மாதிரியே இதுவும் நிக்குது." நல்ல கால் என்று எதைச் சொல்கிறீர்கள்? மாதக்கணக்கில் ஓடாமல் கிடந்ததில் அதன் சமநிலையும் சரிந்திருக்கும். மட்டமான அளவுகோலை வைத்து அளந்தால் எல்லாம் சரியாகத்தான் தெரியும். அதோடு, யாரும் மோதாமலே ஜவ்வு அறுந்த சம்பவங்களின் வீடியோக்களை ஆராய்ந்தவர்கள், பாதம் தரையில் பட்ட 40 மில்லி விநாடிக்குள் அது நடந்துவிடுகிறது என்கிறார்கள். அதை ஒரு நிமிஷம் நின்று எப்படிச் சோதிப்பீர்கள்?

சோதிக்கத்தான் வேண்டுமென்றால் ஆடும் பலகையில் நிற்கச் சொல்லுங்கள். ஸ்பாஞ்ச் மேல் கண்ணை மூடி நிற்கட்டும், பந்தைப் பிடிக்கட்டும், ஒற்றைக்காலில் குதித்து இறங்கி அப்படியே நிற்கட்டும். முன்தொடைப் பலத்தையும் அளந்து பாருங்கள். அதோடு காத்திருங்கள். 2016இல் வெளியான நார்வே-அமெரிக்க ஆய்வில், 9 மாதம் வரை ஆட்டத்தைத் தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் மறுகாயம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. 25 வயதுக்குள் மறுபடி களமிறங்குகிறவர்களில் கிட்டத்தட்ட நால்வரில் ஒருவருக்கு, அதே காலிலோ மற்றக் காலிலோ, திரும்ப அறுகிறது.

மற்ற நம்பிக்கைகள் எல்லாம் சில்லறை. வலி போனால் ஜவ்வு ஆறிவிட்டதா? இல்லை, வலி அடங்கும் முதல் சில மாதங்களில்தான் புது ஜவ்வு பலவீனமாக இருக்கிறது. முட்டியில் நீ-கேப் மாட்டினால் தைரியம் வரும், பாதுகாப்பு வராது. ஆட்டுக்கால் சூப் குடித்தால் ஜவ்வு ஒட்டுமா? ருசியானது, குடியுங்கள், அவ்வளவுதான்.

கடைசியாக, டோர்னமென்ட் நடத்துகிறவர்களுக்கு. ஆளுயரக் கோப்பைக்கும் சீரியல் செட்டுக்கும் காசு இருக்கிறது. ஆட்டத்துக்கு முன் 20 நிமிஷ வார்ம்-அப்புக்கு மட்டும் நேரமில்லையா? ஒற்றைக்கால் பயிற்சியும் குதித்து இறங்கும் பயிற்சியும் கொண்ட ஃபிஃபா 11+ என்ற வார்ம்-அப் கால்பந்தில் காயங்களைக் குறைத்துக் காட்டியிருக்கிறது. நோட்டீஸில் முதல் பரிசுத் தொகைக்குக் கீழே ஒரு வரி அச்சடியுங்கள்: வார்ம்-அப் மாலை 5 மணி, வராத டீமுக்கு ஆட்டம் கிடையாது.