கை அறிந்ததை வாய் சொல்ல வேண்டும்

மானகிரியைச் சுற்றியுள்ள ஊர்களில் கலையையே தொழிலாக நடத்துகிறவர்கள் பலர். ஆத்தங்குடியில் தரையில் பதிக்கும் பூக்கல் செய்யும் பட்டறைகள், காரைக்குடியில் கண்டாங்கி நெசவு, கொட்டான் முடைதல், மரவேலை என்று பட்டியல் நீளும். அவர்களில் சிலர் நடுவயதில் ஆசிரியப் பணியை நாடுகிறார்கள். அப்படித் தொழிலிலிருந்து வகுப்பறைக்கு வந்தவன் என்ற முறையில் நான் அவர்களுக்கு அழுத்திச் சொல்ல விரும்புவது இதுதான்: தொழில் தெரிந்திருப்பது ஆசிரியராவதற்குப் பாதித் தகுதிகூட ஆகாது. கற்பித்தல் இன்னொரு தொழில். அதையும் அடியிலிருந்துதான் பழக வேண்டும்.

பூக்கல்லையே எடுத்துக்கொள்வோம். கண்ணாடித் தகட்டின் மேல் உலோக அச்சை வைத்து, நிறம் கலந்த சிமெண்ட் கூழை அறை அறையாக ஊற்றுகிறார்கள். அச்சை எடுத்ததும் மேலே சிமெண்டும் மணலும் கலந்த உலர்கலவையைத் தூவி, சாந்து போட்டு மட்டம் செய்கிறார்கள். பிறகு தண்ணீரில் ஊறவைத்து உலர்த்தினால் கண்ணாடியின் வழவழப்பு கல்லுக்கு வந்துவிடுகிறது. சூளை தேவையில்லை. எழுதினால் நாலைந்து வரிதான். ஆனால் கூழ் எந்தப் பதத்தில் இருக்க வேண்டும், அச்சை எந்த வேகத்தில் தூக்கினால் நிறங்கள் ஒன்றோடொன்று கலக்காது என்பதெல்லாம் கைக்கு மட்டுமே தெரிந்த சங்கதிகள். பட்டறையில் புதியவன் மாதக்கணக்கில் பக்கத்தில் நின்று பார்த்துப் பழகுகிறான். யாரும் வாய்விட்டு விளக்குவதில்லை. கல் கெட்டுப்போனால் முதலாளி அதை ஒதுக்கிவிட்டுத் தானே ஒன்றை ஊற்றிவிடுவார், ஏனென்றால் சொன்ன தேதிக்குச் சரக்கு போய்ச் சேர வேண்டும். வகுப்பறையில் கணக்கு தலைகீழ். கெட்டுப்போன கல்தான் அங்கே பாடம். மாணவன் கையிலிருப்பதை வாங்கித் திருத்திக் கொடுக்கும் பழக்கம் பட்டறையில் திறமை. வகுப்பில் அது அவன் கற்பதைத் தடுக்கிறது. தொழில் நடத்தியவர்கள் விடுவதற்கு மிகவும் சிரமப்படும் பழக்கமும் இதுதான்.

“சான்றிதழா சிற்பம் செதுக்குகிறது? ஸ்தபதிகள் எந்தப் பயிற்சிக் கல்லூரியில் படித்தார்கள்?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். அதற்கான பதில் நம் பக்கத்து ஊரான பிள்ளையார்பட்டியிலேயே இருக்கிறது. மாமல்லபுரத்தில் 1957-இல் தொடங்கிய அரசு சிற்பப் பயிற்சி நிலையத்தின் முதல் தலைவர் வைத்தியநாத ஸ்தபதி. அவருக்குப்பின் 1988 வரை அதை நடத்தியவர் அவர் மகன் வை. கணபதி ஸ்தபதி. அவர் பிள்ளையார்பட்டியில் பிறந்தவர். குலத்தொழிலைத் தந்தையிடம் கற்றதோடு காரைக்குடி அழகப்பா கல்லூரியில் கணிதமும் படித்தவர். அந்தக் கணிதத்தை நான் சாதாரணமாகக் கருதவில்லை. பரம்பரையாகக் கைமாறி வந்த, சிலையின் உறுப்பு விகிதங்களைக் குறிக்கும் தாள அளவுகளை வெளியிலிருந்து வந்த மாணவர்களுக்கும் புரியும்படி வகுத்துச் சொல்ல, உளியோடு இன்னொரு மொழியும் வேண்டியிருந்தது. ‘சிற்பச் செந்நூல்’ என்று அவர் நூல் எழுதியதும் அந்த உழைப்பின் ஒரு பகுதியே. பி.எட். பட்டம் அவருக்குத் தேவைப்படவில்லை என்பது உண்மை. கற்பிக்கும் முறையை உருவாக்கும் உழைப்பு தேவைப்பட்டது என்பதும் உண்மை. நம்மாலெல்லாம் அதைத் தனியே உருவாக்கிக்கொள்ள முடியாது. அதனால் பயிற்சி வகுப்புக்குப் போகத்தான் வேண்டும். ஓவியம், தையல் ஆசிரியர் பணிகளுக்கு அரசு தொழில்நுட்பத் தேர்வோடு தொழிலாசிரியர் பயிற்சிச் சான்றிதழும் கேட்பதை வெறும் சம்பிரதாயம் என்று ஒதுக்காதீர்கள்.

கற்பிக்கப் போனால் கைத்திறன் துருப்பிடித்துவிடும் என்ற அச்சமும் உண்டு. கணபதி ஸ்தபதி மாமல்லபுரத்தில் இருந்த காலத்தில்தான் பூம்புகார் சிலப்பதிகாரக் கலைக்கூடமும் சென்னை வள்ளுவர் கோட்டமும் எழுந்தன. ஓய்வுக்குப்பின் குமரிமுனையில் அவர் எழுப்பிய 133 அடித் திருவள்ளுவர் சிலை 2000 ஜனவரி 1 அன்று திறக்கப்பட்டது. கற்பித்த ஆண்டுகள் அவர் கையைக் கெடுத்ததாக யாரும் சொல்ல முடியாது. பட்டறையை முழுக்க மூடாமல், சிறிய அளவிலாவது வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்வதற்கு இதுவே ஆதாரம்.

வருமானம் பற்றிய ஆட்சேபத்துக்கு மட்டும் என்னிடம் இனிப்பான பதில் இல்லை. 2012-இல் தமிழக அரசுப் பள்ளிகளில் ஓவியம், உடற்கல்வி, தையல் போன்ற பாடங்களுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் சேர்க்கப்பட்டபோது மாத ஊதியம் 5,000 ரூபாய். பிறகு படிப்படியாக உயர்ந்தாலும் அவர்களின் நிரந்தரப் பணிக் கோரிக்கை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தது. குடும்பம் நடத்த அந்த ஊதியம் போதாது. ஆர்வம் அந்தக் குறையை ஈடுகட்டிவிடும் என்று சொல்வது அநியாயம். உயர்கல்வியில் 2022-இல் பல்கலைக்கழக மானியக் குழு வேறொரு வாசலைத் திறந்தது: தம் துறையில் குறைந்தது 15 ஆண்டு அனுபவம் உள்ள வல்லுநர்களை, முனைவர் பட்டம் இல்லாவிட்டாலும், குறிப்பிட்ட காலத்துக்குப் பேராசிரியராக அமர்த்தலாம். ஆனால் அதுவும் நான்கு ஆண்டுக்கு மேல் நீடிக்காது. ஆகவே முதலில் வாரத்துக்கு இரண்டு நாள் கற்பியுங்கள். பட்டறை வருமானத்தை உடனே விடாதீர்கள். நீங்கள் அருகில் இல்லாதபோதும் உங்கள் மாணவர் ஒருவர் கல்லை உடையாமல் ஊற்றத் தொடங்கியபின், பட்டறையை எவ்வளவு குறைப்பது என்று யோசிக்கலாம்.