சோபா வந்த வருஷம்

பவானி,
ஆடி 5

அன்புள்ள கண்ணுக்கு,

அத்தை எழுதுகிறேன். போனிலேயே பேசியிருக்கலாம். போனில் நான் ரெண்டு வார்த்தை சொல்வதற்குள் நீ "சரிங்கத்தை, சரிங்கத்தை" என்று முடித்துவிடுகிறாய். காகிதத்தில் உனக்கு அந்த வசதி கிடையாது.

உன் அப்பா ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தார். பெங்களூரில் வீடு பார்த்தாயிற்று, ரெண்டு கதவு ஃபிரிட்ஜ், சுவரகலத்துக்கு டிவி, கட்டில், சோபா, எல்லாம் சேர்த்து ரெண்டே முக்கால் லட்சம், மாதத் தவணை, அதுவும் வட்டியில்லாமல் என்று சொல்லிக்கொண்டே போனார். கட்டில் வரைக்கும் காபி ஆற்றிக்கொண்டுதான் இருந்தேன். சோபா என்றதும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். உன் மாமா என்னைப் பார்த்தார், நான் உன் அப்பாவைப் பார்த்தேன், உன் அப்பா ஜன்னலைப் பார்த்தார்.

உங்கள் சம்பாத்தியம், உங்கள் வீடு. நீயும் மாப்பிள்ளையும் பேசி முடிவு செய்துகொள்ள வேண்டிய காரியம், நான் குறுக்கே வரவில்லை. எனக்குத் தெரிந்த சிலதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

லீவுக்கு வரும்போதெல்லாம் நீ படுத்துப் புரண்ட ஜமக்காளம் ஞாபகம் இருக்கிறதா? சிவப்பு, பச்சை, நீலம் என்று பட்டை பட்டையாக இருக்குமே, அதில் எந்தப் பட்டை யாருக்கு என்று நீயும் உன் தம்பியும் சண்டை போடுவீர்களே, அதுதான். அப்பாரு 1984-இல் நூற்றிப் பத்து ரூபாய்க்கு வாங்கியது. அப்போது எங்கள் தெருவிலேயே குழித்தறி ஓடும். அகலமான ஜமக்காளம் என்றால் ஒரே தறியில் ரெண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, நாடாவை ஒருத்தர் கையிலிருந்து ஒருத்தர் வாங்கி வாங்கி நெய்வார்கள். ரெண்டு பேருக்கும் மனஸ்தாபம் வந்தால் ஜமக்காளத்தில் தெரிந்துவிடும் என்று அப்பாரு சிரிப்பார். என் கல்யாணம், உன் அப்பா கல்யாணம், உன் காதுகுத்து, அப்பாரு காரியம் எல்லாவற்றுக்கும் அதே ஜமக்காளத்தைத்தான் விரித்தோம். ஓரம் ஒரு முறை பிரிந்தது, நானே கோணி ஊசியால் தைத்தேன். இன்றைக்கும் மொட்டை மாடியில் உதறினால் புழுதி போகிறதே தவிர நூல் போகவில்லை. பவானி ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடு எல்லாம் அப்புறம்தான் வந்தது. இப்போது வெளியூர் விசைத்தறியில் ஓட்டிவிட்டு பவானி என்று பேர் சொல்லி விற்கிறவர்களும் இருக்கிறார்கள். எங்கேயாவது வாங்குவதாக இருந்தால் என்னிடம் ஒரு வார்த்தை கேள்.

அடுத்தது தோசைக்கல். அந்தியூர்க் குருநாதசாமி கோயில் தேருக்குப் போனபோது, 1991 என்று நினைக்கிறேன், உன் மாமா குதிரைச் சந்தையில் வாயைப் பிளந்து நின்றுகொண்டிருந்தார். நான் கடை வீதியில் தரையில் பரப்பி வைத்திருந்த இரும்புச் சாமானில் ஒரு கல்லை எடுத்தேன். முப்பத்தைந்து ரூபாய். வீட்டுக்கு வந்து வார்த்தால் மூன்று நாளைக்குத் தோசையே வரவில்லை, சுரண்டிச் சுரண்டி உப்புமா மாதிரித் தின்றோம். ஏமாந்துவிட்டாய் என்று உன் மாமா சொன்னார். அப்பத்தாதான் வடித்த கஞ்சியை அதில் ஊற்றி ராத்திரி முழுக்க ஊறவைத்து, காலையில் கழுவி, நல்லெண்ணெய் தடவிக் காயவைத்து, பாதி வெங்காயத்தைக் கரண்டிக் காம்பில் குத்தித் தேய்த்துத் தேய்த்துப் பழக்கினார். அதற்கு ஒரு வாரம் ஆனது. அந்த ஒரு வாரத்துக்குப் பிறகு முப்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. நடுவில் உன் அப்பா ஆசையாக வாங்கிக் கொடுத்த ஒட்டாத தவா மூன்று வந்து, பூச்சு உரிந்து, காயலான் கடைக்குப் போயின. ஒவ்வொன்றும் கல்லைப் போல இருபது பங்கு விலை.

பர்மா பஜாரில் உன் மாமா 1993-இல் வாங்கின கேசியோ வாட்ச்சைப் பற்றி நீ கேள்விப்படாமல் இருக்க முடியாது. எஃப்-91டபிள்யூ. "பிளாஸ்டிக் பொம்மை, தீபாவளிக்குள் நின்றுவிடும்" என்றார் உன் அப்பா. பேட்டரி ஏழு வருஷம் வரும் என்று கம்பெனிக்காரனே சொல்வதை நாங்களும் அன்றைக்கு நம்பவில்லைதான். இதுவரை நாலு பேட்டரி, மூன்று வார். ஈபி கம்பத்தில் ஏறி இறங்கி, மழையில் நனைந்து, ரிட்டயரும் ஆகி, இப்போதும் மணிக்கு மணி கீச்சிடுகிறது. எந்த மணிக்கும் சரியாக இல்லை என்பது வேறு விஷயம், ரெண்டு நிமிஷம் முன்னால் ஓடுகிறது. மாமா திருத்த மாட்டேன் என்கிறார்.

ஈரிழைத் துண்டு பற்றி ஒரே வரி. பெங்களூர்த் தூறலுக்கு அந்தக் கனத்த டர்க்கி டவல் நாலு நாளானாலும் காயாது, மக்கின நாற்றம் வரும். ஈரோட்டுச் சந்தையில் ஒரு டவல் விலைக்கு அரை டஜன் ஈரிழைத் துண்டு கிடைக்கும், காலையில் போட்டால் மத்தியானம் எடுக்கலாம்.

உன் வீட்டு ஃபேன் ஒன்று மெதுவாகச் சுற்றுகிறது, ஐந்து ஃபேனையும் மாற்றப் போகிறீர்கள் என்றும் உன் அப்பா சொன்னார். இதற்கு மாமாவே பதில் சொல்லச் சொன்னார், எழுதிக்கொள். மோட்டார் கெட்டுப்போயிருக்காது. மேலே கிண்ணத்துக்குள் சின்னதாக ஒரு கண்டென்ஸர் இருக்கும், கப்பாஸிட்டர் என்று கடையில் கேள், சாதாரண ஃபேனுக்கு 2.5 மைக்ரோஃபாரட். வருஷக்கணக்காக ஓடி ஓடி அதன் சக்தி குறைந்துவிடும், ஃபேன் இழுத்து இழுத்துச் சுற்றும். மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனை விட்டு மாற்றினால் பத்து நிமிஷ வேலை, சாமான் நூறு ரூபாய்க்குள். மாற்றினதும் காலண்டர் பறக்கும். ஈபியில் இருந்த காலத்தில், ஃபேன் போய்விட்டது என்று புதுசு வாங்கக் கிளம்பின எத்தனை பேரை மாமா வாசலிலேயே மடக்கியிருக்கிறார் தெரியுமா! அதில் ரெண்டு ஃபேன் கடைக்காரர்கள் இன்னும் அவரோடு பேசுவதில்லை.

மலிவு என்றால் எதையும் வாங்கிக்கொள் என்று அத்தை சொல்வதாக எடுத்துக்கொள்ளாதே. என்னைக் கஞ்சம் என்று உன் அப்பா ஊரெல்லாம் சொல்லி வைத்திருப்பது எனக்குத் தெரியும். கரண்ட் ஒயர், காஸ் டியூப், குக்கர், காலுக்குச் செருப்பு, இதிலெல்லாம் ஒரு ரூபாய் பேரம் பேசாதே. ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத ஒயரால் எங்கள் பின்கட்டு எப்படிக் கருகியது என்று பார்த்திருக்கிறாய். காஸ் டியூப்பை ஐந்து வருஷத்துக்கு ஒரு தரம் மாற்றிவிடு, பார்க்க நன்றாக இருந்தாலும்.

இனி அந்த வட்டியில்லாத் தவணை. கண்ணு, பணம் கொடுக்கிறவன் யாரும் சும்மா கொடுப்பதில்லை. பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையாது, வேறு பேரில் வாங்கிவிடுகிறீர்கள் என்று 2013 செப்டம்பரில் ரிசர்வ் வங்கியே வங்கிகளுக்கு எழுதியது. கடையில் போய் ஒரு கேள்வி கேள்: முழுப் பணத்தையும் இப்போதே எடுத்து வைத்தால் எவ்வளவு குறைப்பீர்கள்? அவர் குறைக்கிற தொகைதான் நீ கட்டப் போகிற வட்டி. கார்டில் என்றால் பிராசஸிங் சார்ஜ் தனி, அந்த வட்டிக்கும் 18 சதவீதம் ஜிஎஸ்டி தனி. ரெண்டு பேருக்கு ரெண்டு கதவு எதற்கு? அதற்குள் எதை வைப்பாய்? எங்கள் 165 லிட்டர் ஒற்றைக் கதவுப் பெட்டி 1998-இல் வந்தது, இருபத்தோரு வருஷம் ஓடியது. உன் பிறந்தநாள் கேக் கூட அதற்குள் போயிற்று, சாய்த்து வைத்தோம். ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிற நட்சத்திர லேபிளில் வருஷத்துக்கு இத்தனை யூனிட் என்று அச்சிட்டிருப்பான். நட்சத்திரத்தை எண்ணாதே, அந்த யூனிட்டைப் படி.

இவ்வளவும் எழுதிவிட்டு சோபாவைப் பற்றி எழுதாமல் விட்டால், எனக்கே தெரியும், இந்தக் கடிதம் முழுசில்லை.

1986 சித்திரையில் உன் மாமா வீட்டார் என்னைப் பார்க்க வந்த கதையை உனக்கு எல்லாரும் சிரிப்புக் கதையாகத்தான் சொல்லியிருப்பார்கள். வருகிறவர்கள் முன்னால் பாயும் ஜமக்காளமுமாக இருந்தால் மதிக்க மாட்டார்கள் என்று உன் அப்பா ஒற்றைக் காலில் நின்று, ஈரோட்டில் ஒரு கடையில் தவணைக்கு எடுத்து வந்த சோபா. பழுப்பு ரெக்ஸின், பன்னிரண்டு தவணை. அன்றைக்குப் பார்த்து கரண்ட் இல்லை. மாமாவின் அப்பா உட்கார்ந்தார், வேர்த்தார், எழுந்தபோது சட்டை ரெக்ஸினோடு ஒட்டி சர்ரென்று சத்தம் வந்தது. "ஏனுங்க, கீழேயே உட்கார்ந்துக்கலாமுங்களா?" என்று கேட்டு அவரே ஜமக்காளத்தை விரித்துத் திண்ணையில் உட்கார்ந்தார். பேச்சு முடிந்து, தட்டு மாற்றி, எல்லாம் ஜமக்காளத்தில்தான். இதுவரைக்கும் நீ கேட்டிருப்பாய்.

ஐப்பசியில் நடந்ததை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். மூன்று தவணை நின்றுபோயிற்று. தீபாவளிக்கு நாலு நாள் முன்னால் கடைக்காரர் மாட்டு வண்டியும் ரெண்டு ஆளுமாக வாசலில் வந்து நின்றார். சத்தம் போடவில்லை. வண்டியை மட்டும் நிறுத்திவிட்டு பேசாமல் நின்றார். எதிர் வீடு, பக்கத்து வீடு எல்லாம் வாசலுக்கு வந்தாயிற்று. அப்பாரு உள்ளே போய் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து, சாயங்காலத்துக்குள் தருகிறேன் என்றார். விலை வரட்டும் என்று இருப்பு வைத்திருந்த மஞ்சளை அன்றைக்கே ஏற்றி அனுப்பி, கேட்ட விலைக்குத் தள்ளிவிட்டு வந்தார். அதில் எட்டு மூட்டை என் பி.எட்.டுக்கு என்று அப்பாரு வாயால் சொன்னது. கல்யாணம் முடிந்தும் படிக்கட்டும் என்று மாமா வீட்டில் ஒப்புக்கொண்டிருந்தார்கள். அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்றோம். அதற்குள் உன் அத்தான் பிறந்துவிட்டான்.

நான் யாரையும் குறை சொல்லவில்லை. உன் அப்பாவுக்கு அப்போது இருபத்தாறு வயசு, தங்கச்சிக்கு நல்ல இடம் அமைய வேண்டும் என்று செய்தார். திண்ணையில் முப்பது வருஷம் ட்யூஷன் எடுத்தேன், அந்தப் பிள்ளைகளில் நாலு பேர் இன்றைக்கு டீச்சர்கள். அவர்கள் உட்கார்ந்து படித்ததும் அதே ஜமக்காளத்தில்தான். சோபா? ஏழாம் வருஷம் ஸ்பிரிங் வெளியே வந்து, கோழி முட்டையிட்டுக்கொண்டிருந்தது.

எழுதின வரைக்கும் படித்துப் பார்த்தேன், ரொம்பத் திட்டிவிட்டேன் போல. கண்ணு, மனசில் வைத்துக்கொள்ளாதே. நீ எங்கள் வீட்டிலேயே முதலில் சம்பாதிக்கிற பொம்பளைப் பிள்ளை, உனக்குப் பிடித்ததை வாங்காமல் வேறு யார் வாங்குவது? ஃபிரிட்ஜ் ரெண்டு கதவு வேண்டுமென்றால் ரெண்டு கதவே வாங்கு, மூன்று கதவு வருகிறதாமே, அதையே வாங்கு. டிவியும் பெரிசாகவே இருக்கட்டும், நான் வந்தால் கண்ணாடி இல்லாமல் சீரியல் பார்க்கலாம். சோபாவும் வாங்கிக்கொள். துணி உறையாகப் பார்த்து வாங்கு, ரெக்ஸின் மட்டும் வேண்டாம். இந்தக் கவரில் இருபதாயிரத்துக்கு ஒரு செக் வைத்திருக்கிறேன். மாமாவுக்குத் தெரியும், உன் அப்பாவுக்குத் தெரியாது. முதல் தவணைக்கு வைத்துக்கொள்வாயோ, தவணையே வேண்டாம் என்று சின்னதாக ஏதாவது வாங்குவாயோ, நான் கேட்கவே மாட்டேன். போனில் மட்டும் சொல்லிவிடு.

ஆடிப் பதினெட்டுக்குக் கூடுதுறையில் உன் பேருக்கும் மாப்பிள்ளை பேருக்கும் விளக்கு விடுகிறேன். மாப்பிள்ளையை அத்தை விசாரித்ததாகச் சொல், அவருக்குப் பிடித்த கொள்ளுப் பொடி தனி டப்பாவில் இருக்கிறது.

அடுத்த வாரம் உன் அப்பா பெங்களூர் வரும்போது ஒரு மூட்டை கொடுத்து விடுகிறேன். ஈரிழைத் துண்டு ஆறு, கப்பாஸிட்டர் ரெண்டு, நான் பழக்கி வைத்த கல் ஒன்று, அப்புறம் அந்த ஜமக்காளம். கல்லுக்கு சோப்புப் போடாதே, ஜமக்காளத்தை மெஷினில் போடாதே. மூட்டை கனக்கிறது, பஸ்ஸில் எப்படிக் கொண்டுபோவது என்று இப்போதே முனகிக்கொண்டிருக்கிறார். முனகட்டும். மடியிலேயே வைத்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
அன்புள்ள அத்தை